முதலில் கூரை, பிறகு சோலார்: பாலைவன வெயிலில் வீடு வைத்திருப்பவர்களின் வாக்குவாதம்

ஏப்ரல் 3 (வாசகர் கேள்வி)

பாலைவனப் பகுதியில் சொந்த வீடு. தட்டையான கான்கிரீட் கூரை. கோடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மாடி அறையில் உட்கார முடியவில்லை. கூரைமேல் சோலார் பேனல் போட்டுவிட்டால் மின்சாரத்துக்குக் காசு இல்லை. இரண்டு ஏசி ஓடினாலும் கவலை இல்லை. வெள்ளைப் பூச்சு, வெப்பக்காப்புப் பலகை என்று செலவழிப்பது வீண் என்பது என் கணக்கு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஏப்ரல் 3, இரவு

மறுக்கிறேன். காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்’.

நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின்மேல் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழுகிறது. அழுக்கேறிய பழைய கான்கிரீட் அதில் எழுபது சதவீதத்துக்குமேல் விழுங்கிவிடும். விழுங்கிய வெப்பம் உடனே அறைக்குள் இறங்குவதில்லை. ஒரு சாண் கனமுள்ள தளத்தைக் கடந்து கீழ்ப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் வெயில் தாழ்ந்த பிறகு உங்கள் மாடி அறை கொதிக்கிறது. பேனலோ சூரியனோடு சேர்ந்து படுத்துவிடும். ஏசிக்கு அதிக வேலை இருக்கிற நேரமும் பேனல் வேலை செய்கிற நேரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இந்த இடைவெளியை மின்கலன் வாங்கி நிரப்பலாம். வெப்பத்தை உள்ளே வரவே விடாமல் தடுத்துவிட்டால் அந்த மின்கலனில் பாதி தேவைப்படாது.

பேனல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் போடுங்கள் என்கிறேன்.

ஏப்ரல் 4

‘பேனலே கூரைக்கு நிழல்தானே?’ என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஒரு கட்டடத்தை வெப்பப் படக்கருவியால் அளந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பேனலுக்குக் கீழே இருந்த உட்கூரை, பேனல் இல்லாத பகுதியைவிடப் பகலில் கிட்டத்தட்ட 3 டிகிரி செல்சியஸ் குறைவு. கூரைக்குப் போன வெப்பத்தில் 38 சதவீதம் குறைந்தது. நல்ல லாபம்தான். ஆனால் சான் டியேகோ கடற்கரை ஊர், பாலைவனம் அல்ல. தவிர, யாரும் மொட்டைமாடி முழுவதையும் பேனலால் மூடுவதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் நடைபாதைக்கும் விட்டது போக மிஞ்சுகிற இடத்தில்தான் பேனல் உட்காரும். மூடாத பகுதி வழக்கம்போல வேகும்.

அதே பேனலும் வெயிலில் வாடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். பாலைவனக் கோடையில் பேனல் 65 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் வாட் அளவில் பத்து, பதினைந்து சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. வெள்ளைக் கூரைமேல் நிற்கிற பேனலுக்கு அடியில் காற்றும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். ஆக, கூரை வேலையை முதலில் முடித்தால் சோலாருக்கும் ஆதாயம்.

ஏப்ரல் 6

வாதம் போதும், அளந்து பாருங்கள். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். குறிவைத்து விசையை அழுத்தினால் எதிரே உள்ள பரப்பின் வெப்பம் தெரியும். இரவு எட்டரை மணிக்கு மாடி அறையில் நின்று முதலில் உட்சுவர், பிறகு தரை, பிறகு தலைக்கு மேலே உட்கூரை என்று வரிசையாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டில் பூச்சு அடிப்பதற்கு முந்திய கோடையில் தரையைவிட உட்கூரை 9 டிகிரி அதிகம் காட்டியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, காற்று குளிர்ச்சியாகத்தான் இருந்தது, ஆனாலும் உச்சந்தலையில் யாரோ இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். காற்றின் வெப்பம் வேறு, சுற்றியுள்ள பரப்புகள் வீசும் வெப்பம் வேறு. ஏசி முதலாவதை மட்டும்தான் நேராகச் சமாளிக்கும். ஏசியை 20 டிகிரியில் வைத்தும் புழுங்குகிறது என்பவர்கள் உட்கூரையை அளந்துவிட்டு வந்து பேசவும்.

ஏப்ரல் 7

வெள்ளைப் பூச்சைப் பற்றி நிறையக் கேள்விகள். மொத்தமாக எழுதுகிறேன்.

புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கருமையான கூரை 65 டிகிரிக்கு மேல் ஏறும் அதே வெயிலில் வெள்ளைக் கூரை அதைவிட இருபத்தைந்து, முப்பது டிகிரி குறைவாக நிற்கும். உங்களுடையது கான்கிரீட் என்பதால் வித்தியாசம் அவ்வளவு இருக்காது, ஆனாலும் வெறுங்காலோடு நடந்து பார்த்தால் தெரியும்.

வேலை கெடுவது பூச்சினால் அல்ல, பூச்சுக்கு முந்திய வேலையினால். மொட்டைமாடியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். அது நீர்வடிகுழாயை நோக்கி ஓடுகிறதா, நடுவில் குளம் கட்டுகிறதா? குளம் கட்டினால் முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டு வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். நூறு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். அக்ரிலிக் வகை வெள்ளைப் பூச்சு தேங்கிய தண்ணீரைத் தாங்காது. ஊறி, கொப்புளம் கட்டி, தோல்போல உரிந்து வரும். அடுத்தது வெடிப்புகள். மயிரிழை வெடிப்பானாலும் கம்பித் தூரிகையால் சுரண்டி, தூசியை ஊதி எடுத்து, துணிவலை பதித்து, அதன்மேல் பூச வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையை மறக்கவே கூடாது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் இழுபறி முழுக்க அந்த மூலையில்தான் நடக்கிறது. என் வீட்டில் ஒழுகிய இடமும் அதுதான்.

பூசுவது அதிகாலையில். பத்து மணிக்கு மேல் தளத்தில் கை வைக்க முடியாது. சுட்ட தளத்தில் பூச்சின் மேல்தோல் உடனே காய்ந்துவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். இரண்டு கைப் பூச்சு கட்டாயம். இரண்டாவதை முதலாவதற்குக் குறுக்காக இழுக்கச் சொல்லுங்கள். எத்தனை வாளி வாங்க வேண்டும் என்பதை வாளிமேல் எழுதியிருக்கும் பரப்பளவை வைத்து நீங்களே கணக்கிடுங்கள். பெயிண்டர் தண்ணீர் கலந்து பாதி வாளியை மிச்சம் பிடித்தால் அது உங்கள் சேமிப்பு ஆகாது.

ஏப்ரல் 7, பின்னிரவு

சிலிக்கான் பூச்சு தேங்கிய தண்ணீரைத் தாங்கும் என்று ஒருவர் நினைவுபடுத்துகிறார். உண்மை. ஆனால் தூசியை வாவென்று அழைத்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலைவனத்தில் அது சின்னக் குறை அல்ல. பின்னால் மறுபூச்சு அடிக்கும்போது சிலிக்கானின்மேல் சிலிக்கானைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. தெரிந்தே அந்தத் தடத்தில் இறங்கினால் சரி.

ஏப்ரல் 11

‘அலுமினியப் பூச்சு அடித்தேன், வெப்பமானி 34 டிகிரிதான் காட்டுகிறது, வெள்ளைப் பூச்சை வென்றுவிட்டது’ என்று ஒரு படத்தோடு பதிவு வந்திருக்கிறது. ஐயா, அந்தக் கருவி உங்களை ஏமாற்றுகிறது. அகச்சிவப்பு வெப்பமானி ஒரு பரப்பு வீசுகிற கதிரைப் பார்த்துத்தான் வெப்பத்தை ஊகிக்கிறது. பளபளக்கும் உலோகம் கதிரை வீசுவதில் கஞ்சன். அதற்கு முன்னால் கருவியை நீட்டினால், அதில் பிரதிபலிக்கும் வானத்தின் குளிர்ச்சியைப் படித்துவிட்டு 34 என்று சொல்லும். ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு மின்காப்பு நாடாவைக் கூரையில் ஒட்டி, நன்றாக அழுத்தி, சில நிமிடம் கழித்து அந்த நாடாவைக் குறிவைத்து அளந்து பாருங்கள்.

இரண்டு குணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்புவது ஒன்று. உள்ளே ஏறிய வெப்பத்தைக் கதிராக வெளியே வீசுவது மற்றொன்று. வெள்ளைப் பூச்சுக்கு இரண்டும் உண்டு. வெற்றுத் தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் முதலாவது ஓரளவு உண்டு, இரண்டாவது மிகக் குறைவு. அதனால் அவை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் கூட்டிச் சொல்லும் குறியீடுதான் எஸ்ஆர்ஐ: அளவுகோலுக்கான கறுப்புப் பரப்புக்கு 0, வெள்ளைப் பரப்புக்கு 100. கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். புதிதாக இருக்கும்போது உள்ள எண்ணை மட்டும் காட்டுவார். மூன்று ஆண்டு வெயிலும் தூசியும் பட்ட பிறகு உள்ள எண் எது என்று விடாமல் கேளுங்கள்.

ஏப்ரல் 12

நாடா ஒட்டி அளந்தாராம். 58. அதற்குமேல் அவர் எதுவும் எழுதவில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

ஏப்ரல் 19

வெப்பக்காப்பு. பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். பலகை உள்ளே வருவதை மெதுவாக்கும். இரண்டும் ஒரே வேலை அல்ல.

‘கூரையை இன்னும் கனமாகப் போட்டிருந்தால் போதுமே’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. எக்ஸ்பிஎஸ் எனப்படும் அழுத்திய நுரைப்பலகை 5 சென்டிமீட்டர் தடுக்கும் அளவுக்கு வெப்பத்தைத் தடுக்க, கம்பி கட்டிய கான்கிரீட் சுமார் இரண்டரை மீட்டர் கனம் வேண்டும். அப்படிக் கட்டினால் அதற்கு வீடு என்று பெயர் இல்லை.

பலகையைத் தளத்தின் மேலே போடுவதா, கீழே ஒட்டுவதா? மேலே போடுவதே என் கட்சி. நீர்க்கசிவுத் தடுப்புப் படலத்தை முதலில் விரித்து, அதன்மேல் பலகை, அதன்மேல் கல்லோ சிமெண்ட் தளமோ. படலம் வெயிலையே பார்க்காது, அதன் ஆயுள் கூடும். கான்கிரீட்டும் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிற அவதி இல்லாமல் கிடக்கும், வெடிப்பு குறையும். இதற்கு நீர் குடிக்காத பலகை வேண்டும். சாதாரணத் தெர்மோகோல் மெல்ல மெல்ல நீரை இழுத்துக்கொள்ளும். இழுத்தபின் காப்பும் போகும்.

கீழே ஒட்டினால் தளம் முன்போலவே வெந்துகொண்டிருக்கும். உட்பக்கம் திறந்து கிடக்கும் நுரைப்பலகை தீப்பிடித்தால் ஆபத்தும்கூட. கட்டாயம் ஜிப்சம் பலகையால் மூட வேண்டும்.

ஏப்ரல் 20

நேற்று ஒரே பக்கமாகத் தீர்ப்புச் சொன்னதை ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். அவருடைய மாடி அறை இரவில் தூங்க மட்டும். பத்து மணிக்கு ஏசி போட்டால் பத்தரைக்குள் குளிர வேண்டும். பலகை மேலே இருந்தால் அந்த ஏசி முதலில் பல டன் கான்கிரீட்டைக் குளிர்வித்தாக வேண்டும். கீழே ஒட்டியிருந்தால் அறைக் காற்றையும் மெல்லிய உட்கூரையையும் மட்டும் குளிர்வித்தால் போதும். சரிதான். நாள் முழுக்க ஆள் புழங்குகிற வீட்டுக்கு மேலே. இரவில் மட்டும் திறக்கும் அறைக்குக் கீழேயும் பரவாயில்லை. அப்போதும் தளத்தின் மேல் வெள்ளைப் பூச்சு வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏப்ரல் 28

ஓட்டுக் கூரைக்காரர்கள் ‘எங்களை மறந்துவிட்டீர்கள்’ என்கிறார்கள்.

என் தம்பி வீடு சரிந்த கூரை. ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு வெளி. மத்திய ஏசியின் காற்றுக்குழாய்கள் முழுவதும் அதற்குள்தான். அந்த வெளி கோடைப் பகலில் 60 டிகிரியைத் தாண்டும். 13 டிகிரிக் காற்றை 60 டிகிரி அடுப்பு வழியாக அனுப்பி, படுக்கையறையில் குளிரவில்லையே என்று அவன் ஏசியைத் திட்டிக்கொண்டிருந்தான். காலையில் சூடேறுமுன் இருவரும் மேலே ஏறிப் பார்த்தோம். ஒரு முழங்கை இணைப்பில் நாடா காய்ந்து, உரிந்து, நாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கையை வைத்தால் குளிர்காற்று ஜிவ்வென்று வீசுகிறது, குளிர்ந்துகொண்டிருந்தது எலிகளுக்கு.

காற்றுக்குழாய் வீடுகளில் ஓடுகிற காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படிக் கசிவதாகத்தான் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அறைக் காற்றை ஏசிக்குத் திரும்பக் கொண்டுபோகும் திரும்பு குழாயில் ஓட்டை இருந்தால் இன்னும் மோசம்: அந்த 60 டிகிரிக் காற்றையும் தூசியையும் உறிஞ்சி ஏசிக்குள் அனுப்பும். துணி நாடா இந்த வேலைக்கு ஆகாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 1998இல் பலவகை நாடாக்களைச் சூடாக்கியும் குளிர்வித்தும் சோதித்தபோது முதலில் தோற்றது துணி நாடாதான். தூரிகையால் பூசும் மாஸ்டிக் பசை, பெரிய இடைவெளிக்கு நடுவில் கண்ணாடியிழை வலை. பூசுகிறவன் முகமெல்லாம் அப்பிக்கொள்ளும், அது தனிக் கதை.

வரிசை: முதலில் கசிவை அடைப்பது, விளக்குத் துளை, கம்பித் துளை, மேலேறும் கதவின் விளிம்பு எல்லாவற்றையும் அடைப்பது, அதற்குப் பிறகு உட்கூரைமேல் காப்புப் பஞ்சை ஒரு முழம் உயரத்துக்குக் கொட்டுவது. அடைக்காமல் பஞ்சு கொட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. சூட்டைக் கிளப்ப அங்கே மின்விசிறி வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். துளைகள் அடைபடாத வீட்டில் அது கீழே அறையிலிருந்து குளிர்ந்த காற்றையே இழுத்து வெளியே கொட்டும்.

ஏப்ரல் 29

வெப்பக் கதிரைத் தடுக்க ஓட்டுக்கு அடியில் விரிக்கும் பளபளக்கும் தாளைப் பற்றிச் சுருக்கமாக. அதற்கு முன்னால் காற்று வெளி இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தால் அது வெறும் தாள். பளபளப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து சீக்கிரம் செத்துவிடும்.

ஓடு ஐம்பது ஆண்டு நிற்கும் என்று நம்பி இருப்பவர்கள் கவனிக்க: மழையைத் தடுப்பது ஓட்டுக்குக் கீழே உள்ள விரிப்பு. அது ஓட்டுக்கு வெகு முன்னாலேயே மொறுமொறுத்து நொறுங்கும். ஓடு பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும்போதே ஒழுகத் தொடங்குவது அதனால்தான்.

மே 9

ஜன்னல்: மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மறைப்பு. உட்பக்கத் திரை வெயிலை வீட்டுக்குள் விட்ட பிறகு மறைக்கிறது. இதற்குமேல் எழுத எதுவும் இல்லை.

மே 15

ஈரக்குளிரூட்டி (நனைந்த திண்டு வழியாகக் காற்றை ஊதும் ஏர் கூலர்) ஆதரவாளர்கள் படையெடுத்து வந்திருக்கிறார்கள். கட்சியில் நானும் பாதி உறுப்பினன். 42 டிகிரி வெப்பம், 10 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை ஈரப்படுத்தினால் கோட்பாட்டளவில் 20 டிகிரி வரை இறக்கலாம். நல்ல திண்டு வைத்த கருவி 24, 25 வரை கொண்டுவரும். ஏசி குடிக்கும் மின்சாரத்தில் ஒரு துண்டுதான் செலவு. இரண்டு நிபந்தனை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஏசியோடு ஒரே அறையில் ஓடக் கூடாது, ஒன்று ஈரத்தை ஏற்றும், மற்றது அதை இறக்கவே உழைக்கும். மழைக்காற்று வரும் வாரங்களில் ஈரப்பதம் ஏறியதும் கருவி கைவிட்டுவிடும். அந்த வாரங்களுக்காகச் சின்ன ஏசி ஒன்று வேண்டியிருக்கிறது.

கூரைமேல் தண்ணீர் தெளிப்பதும் இதே இயற்பியல்தான். ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் பாலைவனத்தில் தினமும் கூரைக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைப் பூச்சு தாகமில்லாத வேலைக்காரன்.

மே 27

‘இரவில் ஜன்னலைத் திறந்தால் போதும், பாலைவன இரவு குளிர்ச்சி’ என்று எழுதியவருக்கு: பெரும்பாலான இரவுகளில் உண்மை. ஆனால் வீட்டை மோசமான வாரத்துக்குத்தான் தயார்செய்ய வேண்டும். 2023இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் அதிகபட்ச வெப்பம் 43 டிகிரிக்குக் குறையவில்லை. இரவுகளில் பல 32 டிகிரிக்குக்கீழ் இறங்கவே இல்லை. கான்கிரீட்டும் தாரும் நிறைந்த நகரத்தில் இரவு, பாலைவனத்தின் இரவு அல்ல.

ஜூன் 4

புழுதிக்காற்று அடித்து ஓய்ந்தது. மேலே ஏறிப் பார்த்தால் வெள்ளைக் கூரை தேநீர் நிறத்தில் கிடக்கிறது. ஏப்ரல் 7இல் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்: அந்த 80 சதவீதம் புதிய பூச்சுக்கு. தூசி தங்கி 60, 65 என்று இறங்கும். பெருக்கிவிட்டு மென்மையான துடைப்பத்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். கோடை தொடங்குமுன் ஒருமுறை, புழுதிக்குப் பின் ஒருமுறை என்பது என் வழக்கம். 98 சதவீதம் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021இல் செய்துகாட்டியதைப் பலர் அனுப்புகிறார்கள். மகிழ்ச்சி. அதன்மேலும் புழுதி விழும்.

ஜூன் 16

கேள்வி கேட்டவர் திரும்பி வந்துவிட்டார்! வாட்டம் சரிசெய்து, பூச்சு அடித்து, இரவு எட்டரைக்கு உட்கூரையை அளந்ததில் 6 டிகிரி குறைந்ததாம். இப்போது ஏசி வாங்கப் போகிறார்; பழைய கணக்குப்படி இரண்டு டன். இந்தக் கூரையோடு அந்தக் கணக்கு எதற்கு? வெப்பச் சுமையைப் புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள், ஒன்றரையில் முடியலாம். கருவியின் தகட்டில் டி1, டி3 என்று பாருங்கள். டி1 என்றால் வெளியே 35 டிகிரியில் அளந்த திறன். டி3 என்றால் 46 டிகிரியில் அளந்தது. வெளியே சூடு ஏற ஏற ஏசியின் திறன் இறங்கும். பாலைவனத்தில் இருப்பவர் 35 டிகிரித் திறனை நம்பி வாங்கினால் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் அது மூச்சு வாங்கும்.

ஜூன் 17

இப்போது சோலார். தாராளமாகப் போடுங்கள். பேனல் இருபத்தைந்து ஆண்டு நிற்கும் பொருள். அடியில் உள்ள நீர்க்கசிவுத் தடுப்பு அதற்குள் ஒருமுறையாவது வேலை கேட்கும். பேனலைக் கழற்றி மாட்டும் கூலியை அப்போது நினைத்து வருந்துவதைவிட, தாங்கிகளை ஆள் குனிந்து வேலை செய்யும் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அடியில் காற்றும் ஓடும். உயரம் கூடினால் காற்றின் இழுவையும் கூடும், அதனால் தாங்கிகளை அழுத்திப் பிடிக்கும் எடைக்கட்டைகளின் கணக்கைப் பொறியாளர் போட்டுத் தரட்டும். தளத்தைத் துளைக்காமல் முடிந்தால் நல்லது. துளைத்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு துளையையும் அடைத்து முடித்ததும் தண்ணீர் தேக்கிப் பார்த்து, கீழே உட்கூரையில் ஈரம் இல்லை என்று கண்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கழுவுவது விடியற்காலையில் மட்டும். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த நீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் என்றால் வழித்தெடுக்கும் ரப்பர் பட்டையும் வேண்டும், இல்லாவிட்டால் தூசி போன இடத்தில் உப்புக் கறை உட்கார்ந்துகொள்ளும். இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் மாட்ட வருவார்கள். விடாதீர்கள், நிழல் விழும் வடக்குச் சுவரைக் காட்டுங்கள்.